சித்திரையில் ஹீட்டர்

கும்பகோணத்துக்கு முந்தின ரயில்வே கேட்டில் எங்கள் பஸ் நின்றது. சித்திரை மாத உச்சி வெயில். என் ஜன்னலுக்குக் கீழே, கதவு ஒரு நிறமும் பானெட் ஒரு நிறமுமாக ஒரு பழைய கார், இன்ஜின் ஓடியபடியே நின்றது. அதன் பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல்:

"அப்பா, ஹீட்டரப் போடுங்க."

எட்டிப் பார்த்தேன். நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா மேல் சாய்ந்திருந்தாள்.

"வலியில கெடக்குற புள்ளைக்கு ஹீட்டரா? செத்த நேரம் இன்ஜின ஆஃப் பண்ணிக்கிறேன்" என்றார் ஸ்டியரிங்கில் இருந்த அப்பா.

"ஆஃப் பண்ணிராதீங்க!" அம்மா கத்தினாள். "அப்பறம் தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆவும். யாரு எறங்கித் தள்றது, இவளா?"

"ஓடிக்கிட்டே நின்னா கொதிச்சுருமேடி. சூடு காட்டுற முள்ளு சிவப்பத் தொட்டுருச்சு."

"அதுக்குத்தான் ஹீட்டரப் போடச் சொல்றேன்" என்றாள் மகள். "இன்ஜின் சூடு உள்ள வந்துட்டா முள்ளு எறங்கிடும். நீங்க எப்பவும் அப்படித்தான ஓட்டுவீங்க?"

"நீ தாங்க மாட்டம்மா."

"வண்டி தாங்கணும்ப்பா. போடுங்க."

போட்டார். சட்டை நனைந்து அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரயிலைக் காணோம். அம்மா முந்தானையால் மகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

"முள்ளு எறங்குதாப்பா?"

"எறங்குது... எறங்குது."

அவர் குரல் குழறியது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கையை முன்சீட்டுப் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு விசிறாதம்மா, அப்பாவுக்கு விசிறு. அவரு மயங்கிட்டா இந்த வண்டி வேற யாரு கைக்கும் மசியாது."