அடக்கச் செம்மல்

உள்ளே: அடக்கம் என்பது கோழைத்தனம் அன்று! அது மானுடத்தின் மணிமுடி! புலன்களை வென்றவனுக்கு இப்பூவுலகில் வெல்வதற்கு வேறேதும்...

வெளியே: என்னங்க, மணிமுடியை அப்புறம் சூட்டிக்கலாம். முதல்ல கழிவறையை விட்டு வெளிய வாங்க.

உள்ளே: ...யாரு, நீயா?

வெளியே: நானேதான். கட்டின பொண்டாட்டி. மண்டபம் நிறைஞ்சு கிடக்கு. பட்டயத்தைக் கையில ஏந்திக்கிட்டு தலைவர் உட்கார்றார், எழுந்திருக்கிறார், உட்கார்றார்.

உள்ளே: சொற்பொழிவுக்கு முன்னால் தனிமையில் உளம் குவிப்பது என் வழக்கம்.

வெளியே: குவிச்ச உளத்தை எத்தனை தடவைங்க ஃப்ளஷ் பண்ணுவீங்க?

செயலாளர்: அம்மா, ஐயா தயாரா? 'அடக்கச் செம்மல்' பட்டத்தை அறிவிச்சுடலாமா?

வெளியே: ஐயா தியானத்துல இருக்கார். வரவேற்புரை பேசறவரை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்க.

செயலாளர்: அவரை இழுக்கச் சொன்னா அப்புறம் நிறுத்த முடியாதும்மா.

வெளியே: அது போதும். போய்ச் சொல்லுங்க... ம், செயலாளர் போயிட்டார். இப்பச் சொல்லுங்க. வலிக்குதா?

உள்ளே: வலியா? எனக்கா? வலி என்பது...

வெளியே: தொப்புளுக்குக் கீழ. உட்கார்ந்தா அடியில பந்தை வச்சு உட்கார்ந்த மாதிரி. போகணும்னு முட்டும், போனா நாலு சொட்டு. கை கழுவறதுக்குள்ள மறுபடி முட்டும்.

உள்ளே: ...இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

வெளியே: எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சருக்கு இருக்கு.

உள்ளே: மெதுவாப் பேசு. யாராவது கேட்டுடப் போறாங்க.

வெளியே: வரவேற்புரை நடக்கும்போது யாருக்கும் எதுவும் கேக்காது. சொல்லுங்க.

உள்ளே: நான் மாடி அறைக்கு மாறினேன் பாரு... அது நூல் எழுத இல்ல.

வெளியே: தெரியும். ஒரு வரி எழுதலையே.

உள்ளே: தெரியுமா? அப்ப ஏன் கேக்கலை?

வெளியே: வேற என்னமோ நெனச்சுட்டேன்.

உள்ளே: என்ன நெனச்சே?

வெளியே: விடுங்க... வாசகர் வட்டத்துல ஒரு அம்மா, போன்ல குரலே கற்கண்டா இருக்கும்ல.

உள்ளே: அடிப்பாவி! நான் தேடிப் போனது அந்த அறையோட இருக்கற பாத்ரூமை!

வெளியே: அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலகாணியை எடுத்துக்கிட்டு முகத்தைப் பார்க்காமப் போனீங்க.

உள்ளே: எப்படிச் சொல்றது? ஊரெல்லாம் புலனடக்கம் பேசறவன், வீட்டுல வந்து... டாக்டர்கிட்டயே சுத்தி வளைச்சுத்தான் சொன்னேன். கிருமின்னு மாத்திரை குடுத்தார். கேக்கலை. இன்னொருத்தர் இன்னும் பெரிய மாத்திரை குடுத்தார். மூத்திரம், ரத்தம், ஸ்கேன் எல்லாம் சுத்தமாம். "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னுட்டார். ஒண்ணுமில்லாததா இப்படி வலிக்கும்?

வெளியே: அந்த டீச்சருக்கும் அதே கதைதான். கிருமி இல்லாமலே வலி வருமாம். மூத்திரப்பையை அடியில தாங்கற தசை, முஷ்டி மாதிரி இறுகிக்கிட்டு விட மறந்துடுமாம். பையும் நரம்பும் தொட்டாச்சிணுங்கி ஆயிடுமாம். எதனால ஆரம்பிச்சதுன்னு எல்லாருக்கும் சொல்ல முடியாதாம். அந்த டீச்சரைக் கேட்டா, பெல் அடிச்சா அடுத்த வகுப்பு, நடுவுல எங்க போறது, அடக்கி அடக்கியே காலம் போச்சுன்னு சொல்வா.

உள்ளே: அடக்கி...

வெளியே: ஆமா. பட்டம் குடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே: அப்புறம் என்ன பண்ணாங்க?

வெளியே: கடைசியா ஒரு டாக்டர் காது குடுத்துக் கேட்டாங்க. பிசியோ பண்ற ஒரு பொண்ணுகிட்ட அனுப்பினாங்க. இறுக்கற பயிற்சி இல்லைங்க, தளர்த்தற பயிற்சி. வயித்தை எக்காம, மூச்சை அடி வரைக்கும் இறங்க விடணும். வெந்நீர்ப் பை, நரம்புக்கு ஒரு மாத்திரை. காபியையும் எலுமிச்சையையும் நிறுத்திப் பார்த்தா, அவளுக்குக் கேட்டுது.

உள்ளே: எலுமிச்சையா? குரலுக்குன்னு தினம் காலையில ஒரு சொம்பு குடிக்கிறேனே! நீதானே கலக்கிக் குடுக்கறே!

வெளியே: குரலுக்குன்னு கேட்டீங்க, குடுத்தேன். இதைச் சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா?

உள்ளே: நான் இறுக்கற பயிற்சிதான் பண்றேன். வீடியோவில பார்த்தேன். மேடையில நிக்கும்போதெல்லாம் இறுக்கிக்கிட்டே...

வெளியே: கடவுளே. அதான் பேசும்போது அவ்வளவு கம்பீரமா இருக்கீங்கன்னு ஊர் சொல்லுது.

உள்ளே: சிரிக்காதே... அவங்களுக்குக் குணமாச்சா?

வெளியே: முழுசா இல்ல. ஆனா சில நாள், அப்படி ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டு இருக்கா.

உள்ளே: மறந்துட்டு... நான் கடைசியா எப்ப மறந்தேன்னு ஞாபகமில்ல. இத்தனை பேர் முன்னாடி பேசறேன். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கலை எனக்கு.

வெளியே: ஆள் கீழ் அறையிலதான் இருந்தா.

உள்ளே: நீ என் கூட்டத்துக்கே வர்றதில்ல! கல்யாணமான புதுசுல முன் வரிசையில உட்காருவே. அப்புறம் கடைசி வரிசை. அப்புறம் அதுவும் இல்ல. என் பேச்சு உனக்கு இளக்காரமாப் போச்சுன்னு...

வெளியே: இளக்காரம் இல்லைங்க. நீளம்.

உள்ளே: நீளமா? கேக்கறவங்க நேரம் போறதே தெரியலைன்னு...

வெளியே: எனக்குத் தெரியும்.

செயலாளர்: அம்மா, வரவேற்புரை முடிஞ்சிடுச்சு! எல்லாரும் வாசலையே பார்க்கறாங்க! ஐயா...

வெளியே: ஐயா வந்துக்கிட்டே இருக்கார். நீங்க முன்னால போங்க.

உள்ளே: இங்க பாரு, பட்டயத்தை வாங்கிக்கிட்டு "நன்றி"ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடட்டுமா?

வெளியே: இறங்குங்க. உங்க பேச்சுலயே அதுதான் சிறப்பா இருக்கும்.

உள்ளே: வர்றேன், ஒரு நிமிஷம்... அந்த டீச்சர்கிட்ட பிசியோ எங்கன்னு கேட்டு வையேன். பாவம், இத்தனை காலமா. அவங்க வீட்டுக்காரருக்காவது தெரியுமா?

வெளியே: தெரியாது. கதவைத் திறங்க. இந்த மண்டபத்துல கழிவறை இது ஒண்ணுதான், எனக்கும் முட்டுது.