களம்பூர் ரயிலுக்கு ஆள் சேர்த்த தாவீது சார்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மறைந்த ஆசிரியர் தாவீது அவர்களின் துணைவியார் டயானா அம்மா அவர்களே, சாருடைய காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து ரயில் பிடித்த நண்பர்களே, வணக்கம்.

நம் ஆரணிக்கு ரயில் உண்டு. நிலையம் இருப்பதோ களம்பூரில். விடியற்காலையில் அங்கே போய்ச்சேர வழியில்லாமல் எத்தனை பேர் படிப்பை விட்டிருக்கிறார்கள், வேலையை விட்டிருக்கிறார்கள்! அந்தப் பக்கம் காலியாகப் போகும் கார்களையும், காத்து நிற்கும் மக்களையும் ஒரு செல்போன் செயலியில் சேர்த்துவைக்கலாம் என்று தாவீது சார் சொன்னபோது, நம்பியவர்கள் எத்தனை பேர்?

செயலி வந்தது. ஆட்கள் வரவில்லை. ஏன் என்று புரியாமல், சாருக்குத் துணை நின்ற எங்கள் குழு தவித்தது. ஒருநாள் முள்ளிப்பட்டில் தறி நெய்யும் தெய்வநாயகி அம்மா வந்து சாரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் உங்க போனு? வூட்ட வுட்டுக் கிளம்பறப்பவே 'எங்கே போகிறீர்கள்'னு கேக்குது! போற காரியம் உருப்படுமா? எம் பொண்ண உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மறுபடி அனுப்பறதுக்குள்ள ரயிலு பூடுச்சு!"

செயலியை உருவாக்கிய சந்தோஷ் முகம் சுளித்தார். "சகுனத்துக்கெல்லாம் மாத்தணுமா சார்?"

"நான் மட்டும் ஜெபம் பண்ணாம வண்டிய எடுக்கறனாப்பா? ஜல்தியா மாத்து. இல்லன்னா அந்தம்மா நம்மள ஊர வுட்டே அனுப்பிடும்."

அன்றே அந்தக் கேள்வி போனது. 'களம்பூர் வரை துணை வேண்டுமா?' என்று செயலி கேட்கத் தொடங்கியது. மக்கள் வந்தார்கள்! அடுத்தவரின் பயத்தைக் கேலி செய்யாத மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. தாவீது சாரைப் பார்த்தேன்.

தெய்வநாயகி அம்மாவின் மகள் சுகன்யா வேலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முள்ளிப்பட்டு வழியில் வேறு கார் கிடைக்காததால் தினமும் சாரே போய் அழைத்துவந்தார். அவர் மறைந்த நாளிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அந்தப் பெண்ணின் படிப்பையும் கொண்டுபோக விடலாமா?

நாளை முள்ளிப்பட்டுக்கு என் கார் போகும். மறுநாள் சந்தோஷ் போகிறார். மற்ற நாட்களுக்கு? கார் வைத்திருப்பவர்களே, படத்துக்கு மலர் தூவ வரும்போது உங்களுக்கு முடிந்த கிழமையைச் சொல்லுங்கள். தெய்வநாயகி அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.