அக்கா கட்டாத பட்டை

தடக்... அப்புறம் ஒரு மூச்சு விடற நேரம்... தடக். ரெண்டு ரெண்டு படியா தாவி இறங்கினா அப்படித்தான் தம்பி கேக்கும். பள்ளிக்கூடம் போன நாள்ல எங்க அக்கா படி இறங்குற சத்தம் அது. நான் பின்னாலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா வருவேன். எழுபது தாண்டியும் அவளுக்கு அதே தாவல், எனக்கு அதே கைப்பிடி. அப்படிப்பட்ட என்னைப் போய் உங்க மெஷின் 'திடமா இருக்கீங்க'ன்னு சொல்லுதே, அதுக்குக் கண்ணு இருக்கா?

பையைக் கீழ வைங்க தம்பி. ஒரு நிமிஷம்.

அக்கா பையன் வெளியூர்ல இருக்கான். இந்த வீடு அவனோடது. அம்மா தளர்ந்துட்டாளான்னு அங்கேருந்தே பாக்கணுமாம். உங்க ஆளுங்க வந்து அவ கையில பட்டையை மாட்டிட்டுப் போனாங்க. நடக்கிறது, எழுந்திருக்கிறது, தடுமாறுறது எல்லாத்தையும் அது அளக்குமாம்.

அவளுக்கு அரிச்சுது. கழட்டி சமையக்கட்டு ஆணியில மாட்டிட்டா. மதியமே வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. அம்மா அசையவே இல்லைன்னு பையன் அனுப்பியிருக்கான். ஆணி எப்படி தம்பி அசையும்? ஓடிப் போயி கதவைத் திறந்ததே அக்காதான். அவகிட்டயே 'நோயாளி எங்க'ன்னு கேக்குறாங்க.

அப்புறம், "நீ சும்மாதானே உக்காந்திருக்கே, நீ கட்டிக்கோடி"ன்னுட்டா. கட்டிக்கிட்டேன். அவ சொல்லி எதை நான் மாட்டேன்னிருக்கேன்?

நடை தளர்ச்சி, நாற்காலிய விட்டு எழுந்திருக்கக் கஷ்டம், தனியா விடக்கூடாதுன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. நடை என்னோடது, பேரு அவளோடது. முதியோர் இல்லத்துல இடம் பிடிச்சுட்டுத்தான் பையன் வந்து இறங்கினான். அவ தடதடன்னு இறங்கி வந்து அவன் பெட்டியைத் தூக்கிட்டு மாடிக்குப் போறா. அவன் போன்லேருந்து கண்ணை எடுக்காம, "பாத்துப் போம்மா, உன்னால நடக்க முடியாது"ங்கறான்.

சொல்லிடலாம்னு வாயத் திறந்தேன். சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போயி, "சும்மா இரு. சொன்னா உன்னைக் கொண்டுபோய் விட்டுடுவான். நீ அங்க ஒரு வாரம் தாங்க மாட்டே"ன்னா.

போயிட்டா.

இப்ப மாடியில துணி காயப்போடறது, தோட்டம், கடை எல்லாம் நான்தான். ஏறி இறங்கி கால்ல உரம் வந்துடுச்சு போல. என்னையும் அளக்கணும்னு பையன் சொன்னதும் ஆசையா கையை நீட்டினேன் தம்பி. தளர்ச்சின்னு வந்தா அக்கா பக்கத்துக் கட்டில் கிடைக்கும்ல. நீங்க என்னடான்னா திடம்ங்கறீங்க. கொஞ்சம் குறைச்சுப் போட்டா என்ன? வேணும்னா அந்தப் பழைய ரிப்போர்ட்டையே என் பேர்ல போடுங்க, அது பொய்யில்லையே.

கிளம்பிட்டீங்களா... சரி. படியில பாத்துப் போங்க.

அக்காவா? அங்க தளர்ந்தவங்கன்னு சீட்டு ஒட்டிட்டா படி ஏற விடமாட்டாங்க, நடக்கவும் விடமாட்டாங்க. விழுந்துடுவாங்களாம். போன அன்னைக்கே சக்கர நாற்காலியில உக்கார வெச்சாங்க. போன மாசம் போய்ப் பாத்தேன். "எழுந்திரு அக்கா"ன்னேன். அவளால முடியல.