சக்கரத்தில் கட்டிய துண்டு

ஜீப் சத்தம் கேட்டதும் நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த வீட்டுக்கு வருஷத்தில் ஒரே ஒருவர்தான் வருவார். ஜூன் பதினெட்டாம் தேதி காஜா மைதீன் பாய் வருவார். இன்று தேதி இருபத்தாறு. அதனால்தான் காபிக்குப் பால் போதவில்லை, மன்னிக்க வேண்டும்.

காஜா பாய் உங்களிடம் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் சின்னையனைக் கொன்றது தான்தான் என்று எழுதியிருக்கிறாராமே. சாட்சி கேட்க என்னிடம் வந்தீர்கள். கட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது, புது வீடாயிற்றே என்று மாடியைக் காட்டினேன். காஜா பாய்க்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். ஆணியில் தொங்குவதைப் பார்த்து, "இது யார் துண்டு?" என்று கேட்டீர்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் நானும் சின்னையனும் நெல் அவிக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் பச்சைமலைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே ஸ்டவ். அப்போது பத்திரிகையில் தினமும் ஐந்தாண்டுத் திட்டம் பற்றித்தான் செய்தி. நானும் ஒரு நோட்டு வாங்கி எனக்கொரு திட்டம் எழுதினேன். 1956இல் மேஸ்திரி. 1959இல் கல்யாணம். 1961இல் மேனேஜர். 1966க்குள் ஸ்ரீரங்கத்தில் வீடு. மாடியில் ஓர் அறை, சின்னையனுக்கு.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏன்டா ரெங்கராஜு, சாகுற தேதியையும் போட்டுடேன். முதலாளிகிட்ட முன்னாடியே லீவு சொல்லிடலாம்."

"உனக்குன்னு ஒரு திட்டம் வேண்டாமா?"

"எனக்குத்தான் நீ மாடி கட்டுறியே. அப்புறம் என்ன?"

1956 ஜூனில் முதலாளி அவனை மேஸ்திரி ஆக்கினார். அவன் கேட்கவில்லை, திட்டமும் போடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியைத் தள்ளினால் அடுத்தடுத்த வரியெல்லாம் தள்ள வேண்டும். மையில் எழுதியிருந்தேன்.

அவிக்கும் தொட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆளுயர இரும்புத் தொட்டி அது. அடியில் ஒட்டிய நெல்லைச் சுரண்ட ஓர் ஆள் உள்ளே இறங்குவான். இயந்திரச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் இறங்குகிறவன் ஆவிக் குழாயைத் திறக்கும் சக்கரத்தில் தன் துண்டைக் கட்டிவிட்டு இறங்குவான். துண்டு இருக்கும்வரை சக்கரத்தை யாரும் தொடமாட்டார்கள். ஏழு மணிக்குச் சங்கு ஊதும். பாய்லர்காரர் காஜா பாய் வந்து பார்ப்பார். துண்டு இல்லையென்றால் திறப்பார்.

பதினெட்டாம் தேதி காலை சின்னையன் இறங்கினான். அதுதான் அவன் சுரண்ட வேண்டிய கடைசித் தொட்டி, மறுநாளிலிருந்து மேஸ்திரி. உள்ளே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நான் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நெல் களத்துக்குப் போனேன். வேறொன்றும் செய்யவில்லை. சக்கரத்தை நான் தொடவே இல்லை.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். எல்லோரும் அழுதார்கள். நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எந்தத் துண்டால் துடைக்கிறேன் என்று அப்புறம்தான் பார்த்தேன்.

மேஸ்திரி ஆனேன். மேனேஜரும் ஆனேன். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டார்கள். அழைத்துப்போக எனக்கு யாரும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். வீடு கட்டினேன். மாடி அறையும் கட்டினேன். சொன்ன சொல் தவறவில்லை. அவன் துண்டு அங்கேதான் இருக்க வேண்டும் என்று மாட்டி வைத்தேன்.

காஜா பாய் அந்த மாதமே மில்லை விட்டுப் போனார். இப்போது மலைக்கோட்டைக்குக் கீழே பூட்டு ரிப்பேர் செய்கிறார். வருஷா வருஷம் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, அன்னைக்குச் சக்கரத்துல துண்டு இருந்துச்சா? நான்தான் பார்க்காமத் திறந்துட்டேனா? அல்லா மேல ஆணையா எனக்கு ஞாபகமே இல்ல."

"பழசை விடுங்க பாய். காபி ஆறுது."

துண்டு இருந்தது என்று நான் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. இல்லை என்றால் அவர் நிம்மதியாகிவிடுவார். நிம்மதியான மனிதர் காவேரிப் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு எதற்கு வரப்போகிறார்? இந்த வருஷம் அவர் கேள்வியே கேட்கவில்லை. காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். உங்களிடம்தான் வந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஏட்டு எழுதியதைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். நோட்டில் 1966க்குப் பிறகு எதுவும் எழுதவில்லை, அதனால் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். கிளம்புமுன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

"ஐயா, இதைக் காஜா பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அடுத்த வருஷம் வரமாட்டாரு."