மேனேஜரின் கோல்ஃப் மட்டை

திங்கட்கிழமை காலை, ஓசூரிலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் டூல் ரூம் ஃபிட்டர். மற்றவர் மேனேஜரின் டிரைவர். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் பஸ்ஸில் வந்தார். அவர் காலடியில் நீளமாக ஒரு பை கிடந்தது.

"சாரோட கோல்ஃப் மட்டைய நிமித்திக் குடுத்துட்டேண்ணா," என்றார் ஃபிட்டர்.

"நிமித்திட்டியா?"

"அடிச்சா பந்து வலப்பக்கமே ஓடுது, மட்டையோட முகம் ஸ்கொயரா வரமாட்டேங்குது, என்னன்னு பாருன்னாரு. ஸ்கொயர்னா மூலைமட்டந்தானே, வெச்சுப் பாத்தா முகம் மல்லாந்து கெடக்குது. சூடு காட்டி, வைஸ்ல வெச்சு இறுக்கி, தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டாந்துட்டேன்."

டிரைவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்தச் சாய்வு பந்து மேல எழும்பறதுக்குப்பா. ஸ்கொயருங்கறது வேற. பந்தத் தொடற நேரத்துல, அது போக வேண்டிய பக்கத்துக்கு முகம் நேரா இருக்கணும். அது மணிக்கட்டத் திருப்பறதுல இருக்குது, மட்டையில இல்ல. பெங்களூரு கிரவுண்டுல கோல்ஃப் சொல்லிக்குடுக்கற மாஸ்டரு, நம்ம சாருக்கு வாரா வாரம் இதத்தான் சொல்றாரு."

ஃபிட்டரின் குரல் இறங்கிவிட்டது.

"நேத்து கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரங்களோட ஆடினாராமே. நான் இன்னும் பர்மனென்ட் கூட ஆகலண்ணா."

"ஆடினாரு. பந்து தரைய விட்டு எழும்பவே இல்ல. புல்லு மேலயே உருண்டுக்கிட்டுப் போச்சு. வந்தவங்க சிரிப்ப அடக்கிக்கிட்டு நின்னாங்க."

"சாரு என்ன சொன்னாரு?"

"நேரா போச்சு பாத்தியான்னாரு."

டிரைவர் காலால் பையை அவர் பக்கம் தள்ளினார். உள்ளே இரும்போடு இரும்பு மோதியது.

"மீதி மட்டையெல்லாம் இதுல இருக்குது. இதே மாதிரி பண்ணித் தரணுமாம்."