தொடாத பணம்

தப்பு எங்க நடந்துச்சுன்னா, என் பையன் அந்தப் பணத்தைத் தொடலை. அவ்வளவுதான் தம்பி. செலவு பண்ணித் தீர்த்திருந்தா வரியே வந்திருக்காது.

சிரிக்காதீங்க. உங்க வரி ஆபீஸ்தான் சொல்லுது.

அவன் படக்கதை போடுறவன். பெரிய புத்தகம் ஒண்ணு கொண்டுவரணும்னு இன்டர்நெட்ல ஊரறியக் காசு கேட்டான். முகம் தெரியாதவங்க எல்லாம் அனுப்பினாங்க. புத்தகம் வந்ததும் ஆளுக்கு ஒண்ணுன்னு பேச்சு. அடுத்தவங்க காசு, வரைஞ்சு முடிக்காம அதுல கை வைக்கமாட்டேன்னு பேங்க்ல அப்படியே விட்டுட்டான். பேப்பர், மை எல்லாம் சொந்தக் காசு. வருஷம் முடிஞ்சுது. வரவு இருக்கு, செலவு இல்ல, அப்போ மொத்தமும் லாபம்னுட்டீங்க.

அன்பளிப்பா? இல்லையாம். பதிலுக்குப் புத்தகம் தர்றேன்னு சொல்லிட்டா அது அன்பளிப்பு ஆகாதாம். உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் சொன்னார். சரி, அப்போ முன்பணம்தானே? தையல்காரர்கிட்ட கூலியை முன்னாடியே குடுக்கிறோம். சட்டை கைக்கு வர்றதுக்குள்ள அது அவர் லாபமான்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்.

வரி கிடக்கட்டும். மறைத்த வருமானம்னு போட்டிருக்கீங்களே, அந்த வார்த்தை. அதை எடுங்க. அவன் திருடன் இல்ல.

தண்ணியெல்லாம் வேணாம்.

இந்தாங்க, புத்தகம். கையைத் துடைச்சுட்டுப் புரட்டுங்க. அச்சுக்கூலி, தபால் செலவு, ரசீதெல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. காசு குடுத்த எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்சம்னு ஏதாவது நின்னா அதுக்கு வரி போடுங்க, கட்டுறேன்.

அவனையா? கூட்டிட்டு வர முடியாது தம்பி. பாதிப் புத்தகத்துலயே போயிட்டான். காய்ச்சல்னு படுத்தான், எழுந்திருக்கலை. மைப் புட்டி திறந்தே கிடந்து காஞ்சு போச்சு. அப்புறமா போய் மூடி வச்சேன். எதுக்குன்னு தெரியல.

பரவாயில்ல. நீங்க உக்காருங்க.

மீதியை வேற கை வரைஞ்சதுன்னு தெரியுதா? தெரியாது. அவன் கை எந்தப் பக்கத்துல நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. அந்தப் பக்கத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.

வரைஞ்சது அவன் பொண்டாட்டியா இருந்த பொண்ணு. ஒரே மேசையில எதிரும் புதிருமா உக்காந்து வரைவாங்க. அப்புறம் ஒத்து வரலை. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுட்டாங்க. அவன் போன அன்னைக்கு வந்து வாசலோட நின்னுட்டுப் போனா. கொஞ்ச நாள் கழிச்சுக் கதவைத் தட்டினா. மாமா, அந்த மேசையில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னா. வேற பேச்சில்ல. மழைக்காலம் பூரா வந்தா, வரைஞ்சா, போனா. உன் பேரும் போடலாம்மான்னேன். அவன் பேர் மட்டும் இருக்கட்டும்னுட்டா.

வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. சாட்சிக்கு எங்க வேணாலும் கையெழுத்துப் போடுவா.

என்ன உறவுன்னு போடுறதுன்னா கேக்குறீங்க?

பிரிஞ்சது, கிரிஞ்சது எல்லாம் வேணாம். மருமகள்னு எழுதுங்க.