எங்கட கோல்ஃப்

“கோல்ஃப் எங்கட விளையாட்டு. ஸ்கொட்லாந்துக்காரர் களவெடுத்துப்போட்டாங்கள்.”

இல்ஃபோர்ட் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர் இதைச் சொன்னதும் போனிலிருந்து தலையைத் தூக்கினேன். பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அண்ணை, நான் கிளாஸ்கோவில கனகாலம் இருந்தனான். அது எங்கட விளையாட்டு.”

“நான் ஹொலண்டில அதைவிடக் கனகாலம். எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலயே ஐஸுக்கு மேல பந்தடிச்சவை.”

“ஐஸில குழி இருந்ததோ? குழி வெட்டினது நாங்கள். குழி இல்லாட்டி அது கோல்ஃபே?”

“குழி பிறகு வந்தது, தம்பி. விளையாட்டு முதல் வந்தது.”

“அவ்வளவு திறமான நாடெண்டா ஏன் விட்டிட்டு லண்டனுக்கு வந்தனீங்கள்?”

“பிள்ளையள் இங்கிலீஷில படிக்கட்டும் எண்டு. நீர் ஏன் வந்தனீர்?”

“குளிர் தாங்கேலாமல்.”

பெரியவர் ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துக்கொண்டார்.

“ஓம், எங்கட நாட்டிலயும் சரியான குளிர்தான்.”